விலைச் சோறும் விருந்துச் சோறும்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் பாலோ. அப்பாதை 1909ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. அதன் இருமருங்கும் காட்டை அழித்து இரப்பர் நட்டனர்; தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்தினின்றும் ஆட்கள் வந்தனர். பால்மரங்கள் நின்ற இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனையே நிற்கிறது. தோட்டப்புறத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் பொதுவானதொரு தோற்றம் உண்டு: ஒரு நிலையம், ஒரு கடைத்தெரு, அத்தெருவில் சீனர் காப்பிக்கடை, தமிழர் சாப்பாட்டுக்கடை, மலாய்க்காரர் ஒட்டுக்கடை. சம்பளம் வாங்கிய கையோடு மிதிவண்டியில் வந்த தொழிலாளி ஒருவன் அந்தச் சாப்பாட்டுக்கடையில் அமர்கிறான். வாழையிலை விரிகிறது, சோறு விழுகிறது. கடைக்காரர், "இன்னுங் கொஞ்சம் வைக்கவா, தம்பி?" என்று கேட்கிறார். அவன் உண்டு முடித்து இலையை மடிக்கிறான், காசைக் கொடுக்கிறான், எழுந்து போகிறான். இந்நிகழ்ச்சியில் அறம் என்று சொல்லத்தக்கது ஏதேனும் உண்டா?

உண்டு என்று விடை கூறத் தமிழ் மரபு எளிதில் இசையாது. உணவளித்தலைப் போற்றிய இலக்கியங்கள் தமிழில் எண்ணிறந்தன. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் வழங்கினார். ஆற்றுப்படை நூல்கள் நிலந்தோறும் வழிப்போக்கர்க்குக் கிடைக்கும் உணவைச் சுவைபட எடுத்துரைத்தன. ஆனால், அவை போற்றியதெல்லாம் கொடுத்த சோற்றையே. சோற்றை விற்றவனைப் பாட்டுடைத் தலைவனாக்கியவர் எவருமில்லை. சோறு விற்பது பாவம் என்னும் பேச்சு ஊர்ப்புறங்களில் நெடுங்காலம் வழங்கிற்று. தண்ணீருக்குக் காசு வாங்குவது எவ்வளவு இழிவோ அவ்வளவு இழிவு அன்னத்துக்குக் காசு வாங்குவதும் என்று பாட்டிமார் சொன்னதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் மறைந்துவிடவில்லை.

இத்தனைக்கும், விலைக்கு உணவு விற்றல் தமிழர்க்குப் புதியதன்று. புகார் நகரின் தெருக்களை வருணிக்குமிடத்து இளங்கோவடிகள் காழியர், கூவியர் என்போரைக் குறிப்பிடுகிறார். முன்னவர் பிட்டு விற்போர், பின்னவர் அப்பம் விற்போர் என்பது உரையாசிரியர் தரும் பொருள். அவர்களோடு கள் விற்ற மகளிரும் மீன் விற்ற பரதவரும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றனர். வணிகர் பலர் வந்து கூடிய ஒரு துறைமுகத்தில் வந்தவரெல்லாம் யாரேனும் ஒருவர் வீட்டு விருந்தினராகவே உண்டிருக்க இயலுமா? இயலாது. அப்படியிருந்தும் பிட்டு விற்றவள் நகரின் அழகுக்கு ஓர் அணியாக எண்ணப்பட்டாளேயன்றி, அவள் செய்தது ஓர் அறச்செயலா என்று எவரும் கேட்கவில்லை.

கொடுத்த சோறே உயர்ந்தது என்னும் கொள்கையை மறுக்க எண்ணுவோர் முதற்கண் அதன் வலிமையை ஒப்புக்கொள்ள வேண்டும். 1867ஆம் ஆண்டு மே மாதத்தில் வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, சமயம், ஊர் எதனையும் கேளாமல் பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு அங்கு உணவிட்டனர். அங்கு மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாதிருக்கிறது. கையில் காசில்லாதவனைக் கடை காப்பாற்றாது; தருமச்சாலை காப்பாற்றும். இதற்கு எதிர்வாதம் இல்லை.

ஆயினும், மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் கதையைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் ஓரிடத்தில் சற்று நின்று எண்ணுதல் நன்று. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்று மதுரையில் வந்தவர்க்கெல்லாம் உணவளித்தவன் ஆபுத்திரன். பாண்டிநாட்டில் மழை பொழிந்து வளம் பெருகியது. உணவை நாடி வருவார் ஒருவருமில்லை. நாடு செழித்ததற்கு மகிழ வேண்டியவன் துயருறுகிறான். பசித்தவரைத் தேடிச் சாவக நாட்டிற்குக் கப்பலேறுகிறான். (அச்சாவகம் இம்மலாய்த் தீவக்கூட்டத்தின் பகுதியே என்பது இந்நாட்டுத் தமிழர்க்கு ஒரு தனிச்சுவை.) வழியில் மணிபல்லவத்தில் அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. பலரை ஊட்டவல்ல பாத்திரத்தைத் தன் ஒருவன் வயிற்றுக்குப் பயன்படுத்த மனமின்றி, அதனைப் பொய்கையில் இட்டு, உண்ணாமல் உயிர்விடுகிறான். அவன் தூய உள்ளத்தில் ஐயமில்லை. ஆனால், கொடுப்பவனுக்குப் பசித்தவன் தேவைப்படுகிறான் என்னும் உண்மையைக் காப்பியம் தன்னையறியாமலே காட்டிவிடுகிறது. பசித்தவன் தீர்ந்துபோனால் கொடுப்பவனுடைய அறமும் வேலையற்றுப் போகிறது. ஆபுத்திரன் அளவு தூய்மையில்லாத கொடையாளிகள் உலகில் மிகப்பலர். அவர்களுடைய இலையில் உண்டவன் நன்றியையும் சேர்த்து விழுங்க வேண்டியிருக்கிறது.

அன்றியும், கொடுத்த சோறு எல்லார்க்கும் ஒன்றுபோல் கொடுக்கப்படவில்லை. பழைய சத்திரங்கள் பலவற்றில் பந்தி சாதிவாரியாகவே நடந்தது. வீட்டு விருந்திலோ சொல்லவே வேண்டியதில்லை. யாரைத் திண்ணையில் இருத்துவது, யாரை நடுக்கூடத்தில் இருத்துவது, யாரைக் கொல்லைப்புறத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் விருந்தோம்பலின் எழுதாச் சட்டங்களாக இருந்தன. வடலூர் போற்றப்படுவதற்குக் காரணமே அது அவ்வழக்கிற்கு மாறாக நின்றமைதான்.

இவ்விடத்தில் விலை என்பது உள்ளே வருகிறது. இங்கிலாந்தின் அறிஞர் சாமுவேல் ஜான்சன், 1776ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தம் நண்பர் பாஸ்வெலோடு ஆக்ஸ்போர்டு வட்டாரத்து நாட்டுப்புறச் சாலையிலிருந்த சேப்பல் ஹவுஸ் என்னும் விடுதியில் உணவு கொண்டார். குதிரைவண்டிகள் நின்று இளைப்பாறிச் செல்லும் இத்தகைய விடுதிகள் அக்கால ஆங்கில நாட்டுப்புறம் முழுவதும் இருந்தன. வழிப்போக்கர்க்குச் சோறும் படுக்கையும், குதிரைக்குத் தீனியும் தொழுவமும் அங்குக் கிடைத்தன. அன்று ஜான்சன் கூறியதைப் பாஸ்வெல் தம் நூலில் பதிந்து வைத்துள்ளார். அதன் சாரம் இது: ஒருவருடைய வீட்டில் எவ்வளவு சிறப்பான விருந்தானாலும் அங்கு ஒரு கவலை இருந்தே தீரும். வீட்டுக்காரர்க்கு விருந்தினரை மகிழ்விக்க வேண்டுமே என்னும் கவலை. விருந்தினர்க்கு வீட்டுக்காரர் மனம் நோகாதிருக்க வேண்டுமே என்னும் கவலை. விடுதியிலோ எவ்வளவு கேட்கிறோமோ அவ்வளவு வரவேற்பு. ஆதலின் மனிதன் உண்டாக்கியவற்றுள் நல்லதொரு விடுதியைப்போல் இன்பந்தருவது பிறிதில்லை என்பது அவர் முடிபு.

ஜான்சன் கண்ட உண்மையின் ஆழம் அவருக்கே முழுதும் விளங்கியிருக்குமா என்பது ஐயம். அவர் ஓய்வை எண்ணினார். ஆனால் அவர் சொன்னது மானத்தைப் பற்றியது. காசு கொடுத்து உண்பவன் யாருக்கும் கடன்பட்டவனல்லன். எவருடைய திண்ணையிலும் அவன் காத்து நிற்க வேண்டியதில்லை. தாய்நாட்டில் ஊர்ப்பெரியவர் வீட்டுக் கொல்லையில் குனிந்து நின்று கூழ் வாங்கியவன், கடலைக் கடந்து வந்து, வியர்வை சிந்தி ஈட்டிய வெள்ளியைக் கொடுத்துக் கடையின் விசுப்பலகையில் நிமிர்ந்து அமர்ந்தபோது அவன் உண்டது வெறுஞ்சோறு அன்று. குளுவாங் நிலையத்தில் 1938ஆம் ஆண்டு தொடங்கிய காப்பிக்கடை பின்னாளில் நாடறிந்த பெயராயிற்று. இத்தகைய நிலையக் கடைகளில் தொடர்வண்டிக்குக் காத்திருப்போர் எல்லாரும் ஒரே வகைப் பளிங்கு மேசையில், ஒரே வகைப் பீங்கான் குவளையில் காப்பி அருந்தினர். அடுத்த வண்டிக்குப் போகிறவனிடம் அவன் குலம் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை.

எனினும், விலை தானாகவே சமத்துவத்தைக் கொண்டுவந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. ஜான்சன் புகழ்ந்த விடுதி யாரை வாசலில் நிறுத்தித் திருப்பியனுப்பியது என்று அவர் கேட்கவில்லை. ஆங்கிலப் பொதுச்சட்டம் விடுதிக்காரர்மேல் ஒரு கடமையைச் சுமத்தியிருந்தது. வழிப்போக்கனாய் வந்தவன் கட்டணம் கொடுக்க இசைந்து, ஒழுங்காகவும் நடந்துகொண்டால், இடமிருக்கும்வரை தக்க காரணமின்றி அவனை மறுத்தல் ஆகாது. இருள் சூழ்ந்த சாலையில் மறுக்கப்பட்டவனுக்கு வேறு போக்கிடம் ஏது? இக்கடமையின் உரம் 1943ஆம் ஆண்டில் சோதிக்கப்பட்டது. டிரினிடாட்டில் பிறந்த புகழ்பெற்ற மட்டைப்பந்து வீரர் லியரி கான்ஸ்டன்டைன் லண்டன் இம்பீரியல் ஓட்டலில் முன்பதிவு செய்துகொண்டு குடும்பத்தோடு சென்றார். அங்குத் தங்கியிருந்த அமெரிக்கர்கள் விரும்பமாட்டார்கள் என்று அவருடைய நிறத்தைக் காரணமாக்கி அவரை வெளியேறச் சொன்னார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 1944ஆம் ஆண்டில் தீர்ப்பு அவர்பக்கம் வந்தது. இழப்பீடு ஐந்தே கினி. தொகை சிறிது, ஆனால், கதவைத் திறந்து வைத்து விலை கூறியவன் வருகிறவனுடைய தோலைப் பார்த்துக் கதவைச் சாத்தலாகாது என்பது அவ்வைந்து கினியில் எழுதப்பட்டுவிட்டது.

அதே இங்கிலாந்தின் சிற்றூர் மதுக்கடைகளில் வேறொரு பிரிவினை நெடுங்காலம் இருந்தது. ஒரே கூரை, ஒரே பீப்பாய், ஒரே பானம். ஆனால் இரண்டு அறைகள், பல கடைகளில் இரண்டு வாயில்கள். வெறுந்தரையும் மரப்பலகையும் கொண்டது உழவர்க்கும் கூலிகளுக்கும். கம்பளமும் மெத்தை இருக்கையும் கொண்டது கனவான்களுக்கு. அங்குப் பானத்தின் விலை சற்றுக் கூடுதல். சட்டம் எவரையும் தடுக்கவில்லை. அந்தச் சிறு விலை வேற்றுமையே தடுத்தது. பணம் கதவைத் திறப்பதுபோலவே மூடவும் வல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் பணமும் திறக்க முடியாத கதவுகள் இருந்தன. தென்னிந்திய இருப்புப்பாதை நிலையங்களின் உணவுச்சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடமும் ஏனையோர்க்கு ஓரிடமும் வகுத்திருந்தனர். ஒரே வண்டியில் ஒரே கட்டணத்தில் வந்தவர்கள் பசித்ததும் பிரிந்தனர். பெரியாரும் பிறரும் தொடர்ந்து எதிர்த்ததன் பின்னர் 1941ஆம் ஆண்டில் அம்முறை ஒழிந்தது. இந்திய அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடைகளையும் பொது உணவகங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, சாதி சமயம் காட்டி எவரையும் அங்குத் தடுத்தலாகாது என விதித்தது. நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் சோற்றுக்கடைக்கு ஓரிடம் அளிக்க நேர்ந்தது பெருமையா சிறுமையா என்பதை அவரவர் முடிவுக்கு விடலாம். 1955ஆம் ஆண்டில் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னரும் தமிழகச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை ஓய்ந்தபாடில்லை. காசு ஒன்றே, தேநீர் ஒன்றே, குவளை மட்டும் வேறு. சில ஊர்களில் குவளையும் இன்றிக் கொட்டாங்கச்சி. யாழ்ப்பாணத்திலும் இதே கதை நிகழ்ந்தது. 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இருந்தும், ஒடுக்கப்பட்டோர் தேநீர்க்கடைக்குள் நுழைந்து அமர்வதற்கே போராட வேண்டியிருந்தது. கோயில் நுழைவுக்குப் போராடியவர்களே கடை நுழைவுக்கும் போராடினார்கள் என்பது கருதத்தக்கது. இரண்டும் அவர்களுக்கு ஒரே மானத்தின் இரு வாயில்கள்.

மலாயாவுக்கு வந்த தமிழர் சாதியைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு வரவில்லை. பல தோட்டங்களில் லயங்களே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் இங்கு வந்து பேசியதும், 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதும், கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கி எழுதியதும் அச்சுமையைக் குறைக்கப் பாடுபட்ட வரலாறு. மேடைப்பேச்சு எவ்வளவு செய்ததோ அதில் ஒரு பங்கைக் கடைத்தெருக் காப்பிக்கடையும் செய்திருக்கும். சீனர் கடையில் தமிழன் எந்தச் சாதி என்று கடைக்காரர்க்குத் தெரியவும் தெரியாது, தெரிந்தாலும் பொருட்படுத்தார். அவருக்கு எல்லாரும் வாடிக்கையாளர். அயலானுடைய அக்கறையின்மை சில வேளைகளில் உறவினனுடைய அன்பினும் மேலானது.

இதுகாறும் கூறியவை எளியவை. கடினமான வினா இனிமேல்தான் எழுகிறது. பாலோவின் கடைத்தெரு போன்ற ஒன்றில் மூன்று இனத்தார் வாழ்கின்றனர். முஸ்லிம் பன்றியிறைச்சி உண்ணார். அது சமைத்த சட்டியில் சமைத்ததையும் உண்ணார். இந்துக்களுள் பலர் மாட்டிறைச்சி உண்ணார். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் உண்பவர், தனிக் கரண்டி கேட்பார். ஆக, ஒரே தெருவில் தனித்தனி அடுப்பு, தனித்தனிக் குவளை. இதற்கும் இரட்டைக் குவளைக்கும் என்ன வேறுபாடு? வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டிலும் ஒருவர் தொட்ட கலத்தை மற்றொருவர் தொடுவதில்லை.

வேறுபாடு உண்டு. நோன்பு என்பது நோற்பவனைக் கட்டுவது. 'இதனை நான் உண்ணேன்' என்பவன் தன் நாவுக்கு வேலியிடுகிறான். அதன் தொல்லையைத் தானே சுமக்கிறான். பசியோடு அடுத்த கடைவரை நடப்பவனும் அவனே. 'நீ இங்கு உண்ணலாகாது' என்பவன் பிறனுக்கு வேலியிடுகிறான். தொல்லையைச் சுமப்பவன் பிறன். முன்னவன் விலக்குவது ஒரு பொருளை. பின்னவன் விலக்குவது ஒரு மனிதனை. பன்றியிறைச்சியை விலக்கும் முஸ்லிம், சீன நண்பரோடு ஒரே மேசையில் தம் தேநீரோடு அமரத் தடையில்லை, பலர் அமர்கின்றனர். கொட்டாங்கச்சியில் தேநீர் பெற்றவனோ எதை உண்டான், எதை உண்ணவில்லை என்று எவரும் கேட்கவில்லை. அவன் யார் என்பதே குற்றமாயிற்று.

இக்கோடு எப்பொழுதும் இவ்வளவு தெளிவாக நிற்பதில்லை என்பதையும் மறைத்தலாகாது. பொருளை விலக்கத் தொடங்கிய நோன்பு, சிறிது சிறிதாக அப்பொருளைத் தொட்ட கையை விலக்கி, பின்னர் அக்கைக்குரியவனை விலக்குவது வரலாற்றில் பன்முறை நடந்திருக்கிறது. சாதித் தீட்டே அவ்வாறு வளர்ந்ததுதான். 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் இதே ஜொகூர் மாநிலத்து மூவாரில் ஒரு துணிவெளுப்புக் கடை, தன் எந்திரங்களை முஸ்லிம்கள் மட்டும் பயன்படுத்தலாம் என்று அறிவிப்பு வைத்தது. தூய்மை பேணுதலே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஜொகூர் சுல்தான் அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பை அகற்றினார். அங்கு விற்கப்பட்டது சோறன்று, சோப்பு நீரே. ஆயினும் வினா ஒன்றுதான். தன் ஆடையை எங்கு வெளுப்பது என்று தெரிவு செய்ய ஒருவருக்கு முழு உரிமை உண்டு. பொதுத்தெருவில் கடை திறந்தவர்க்கு அத்தெரிவு இல்லை. கடை திறந்த கணமே அவர் அவ்வுரிமையில் ஒரு பகுதியை விலையோடு சேர்த்து விற்றுவிடுகிறார்.

விலைச் சோற்றில் அறமில்லை என்போர்க்கு இந்நாட்டு வரலாறே ஒரு விந்தையான விடை தந்திருக்கிறது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் ஜொகூரின் தோட்டப்புறங்கள் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயின. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேராதிருக்க வேண்டி, அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. கட்டுப்பாடு மிகுந்த வட்டாரங்களில் தகரப்புட்டி உணவைக் கடைக்காரர் துளையிட்டே விற்க வேண்டியிருந்தது. அரிசியைப் பொது அடுக்களையில் சமைத்துச் சோறாகவே வழங்கினர், சோறு விரைவில் கெட்டுவிடும் என்பதனால். வேலிக்கு வெளியே சோற்றுப் பொட்டலம் கொண்டுபோவது குற்றம். பால்மரம் சீவப் போனவன் நண்பகல்வரை வெறும் வயிற்றோடு நின்றான். அவ்வாண்டுகளில் ஒரு கடைக்காரர் யாருக்கு எவ்வளவு விற்றார் என்பது உயிர்ச்சிக்கல். விற்றால் அரசுக்குப் பகை. மறுத்தால் காட்டிலிருந்தோருக்குப் பகை. விற்றலும் ஊட்டுதலே என்பதைத் துப்பாக்கி ஏந்திய இரு தரப்பும் நன்கு அறிந்திருந்தன. அறநூலார்தாம் அதனைக் கவனிக்கவில்லை.

கடைக்குள் அறம் நுழையும் மற்றொரு வழி பற்றுப் புத்தகம். தோட்டத்துச் சம்பளம் மாதத்திற்கு ஒருமுறை, பசியோ நாள்தோறும். 'எழுதிக்கொள்ளுங்கள், அண்ணே' என்று சொல்லி உண்டவர் பலர். அவருள் சிலர் திருப்பித் தரமாட்டார் என்பது கடைக்காரர்க்கும் தெரியும். தர இயலாது என்பது உண்டவர்க்கும் தெரியும். இருப்பினும் எழுதப்பட்டது. அவ்வொரு வரி, பிச்சையைக் கடனாக மாற்றிற்று. உண்டவன் இரந்தவனாகாமல் வாடிக்கையாளனாகவே எழுந்து போனான். வடலூர் அடுப்பிற்கும் கடையின் கல்லாவிற்கும் இடையில் இப்படியொரு வழி இருந்ததை ஏட்டில் எழுதியவர் குறைவு. இதே புத்தகத்தால் தொழிலாளியை மாதந்தோறும் பிணித்து வைத்த கடைக்காரர்களும் இருந்தனர் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. வரியின் பொருள் எழுதியவர் மனத்தைப் பொறுத்தது.

உணவுக் கடையைப்பற்றிப் பேசுங்கால் குடிக்கும் கடையை விட்டுவிடுதல் இயலாது. தோட்டத்துக் கள்ளுக்கடை தெருக்கடைகளைப்போல் ஒன்றன்று. அது தோட்ட எல்லைக்குள்ளேயே, நிருவாகத்தின் கைப்பிடியில் இருந்தது. அதன் இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்று சொல்லப்பட்டது. கள்ளை நிறுத்தினால் தொழிலாளி நச்சுச் சம்சுவைத் தேடிப்போவான் என்பது துரைமார் வைத்த வாதம். அதில் உண்மை சிறிதுமில்லை என்று கூறிவிட முடியாது. ஆனால், ஜான்சனுடைய அளவுகோலை இங்கு வைத்துப் பார்த்தால் உடனே குறை தெரியும். விலை கொடுத்தவன் விடுதலை பெற்றவனாக வெளியேற வேண்டும். இங்கோ, கூலி கொடுத்த கையே கள்ளும் விற்றது; காலையில் கொடுத்த வெள்ளி மாலையில் திரும்பிற்று. குடித்தவன் வெளியேறிச் சென்ற இடமும் அதே நிருவாகத்தின் லயம். இங்கிலாந்து இத்தீமையை அறியாத நாடன்று. சுரங்கத் தொழிலாளர்க்கு மதுக்கடையில் கூலி கொடுப்பதை 1842ஆம் ஆண்டுச் சட்டமும், பிற தொழிலாளர் பலர்க்கும் அவ்வாறு கொடுப்பதை 1883ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்தன. கூலியையும் குடியையும் ஒரே கூரையின்கீழ் வைத்தல் தீது என்பதைத் தன் நாட்டில் சட்டமாக்கிய இனத்தார், கடல் கடந்த தம் தோட்டங்களில் இரண்டையும் ஒரே வேலிக்குள் வைத்தனர்.

தொழிலாளர்களே இதனை உணர்ந்தனர். 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தின்போது வைக்கப்பட்ட கோரிக்கைகளுள் கள்ளுக்கடையை மூடுக என்பதும் ஒன்று. கூலி உயர்வு கேட்டவர்களே கூலியை விழுங்கும் கடையை மூடவும் கேட்டனர். 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைக்கு எதிராக மறியல் செய்து காவல்துறையோடு மோத நேர்ந்தது. கடையை மூடச் சொன்னவர்கள் குடியைப் பழித்த துறவிகளல்லர்; அடுத்த வேளை உலை வைக்க வேண்டியவர்கள்.

பாலோ போன்ற ஊர்களில் காட்சி மாறிவிட்டது. தோட்டத்தில் பிறந்த தமிழ்ப்பிள்ளைகள் பலர் குளுவாங்கிற்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றுவிட்டனர். நாடெங்கும் செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் உழைக்கின்றனர். சம்பள நாளன்று கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் இப்பொழுது அவர்கள். கரண்டியைப் பிடித்திருப்பவரோ, கொட்டாங்கச்சியில் தேநீர் வாங்கியவருடைய பேரனாக இருக்கக்கூடும். வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவன் வேலை முடிந்து, செம்மண் படிந்த காலணியோடு வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே மின்விசிறியின்கீழ் ஒரு மேசை காலியாக இருக்கிறது. பின்புறம் அடுக்களைக்கு அருகே மற்றொன்றும் இருக்கிறது. மொழி தெரியாத அவன் எங்கு அமர்வது என்று கடைக்காரர் முகத்தைப் பார்க்கிறான்.